இயல்பு, குணம், சுபாவம், பிறவிக்குணம்: எதை எங்கே சொல்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

"அவனுக்குக் கோபம் பிறவிக்குணம்." "அவள் இயல்பிலேயே அமைதியானவள்." "அவர் சுபாவம் அப்படி, மாற்ற முடியாது." "நல்ல பண்பு, வளர்ப்பு அப்படி." இந்த நான்கையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நான்கும் ஒரு மனிதரின் உள்ளே இருப்பதைப் பற்றியவைதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது, மாறுமா மாறாதா என்ற கேள்விக்கு நான்கும் வெவ்வேறு பதில் சொல்கின்றன. சொல்லைத் தேர்ந்த உடனே பதிலையும் தேர்ந்துவிடுகிறோம், பெரும்பாலும் யோசிக்காமல்.

கட்டுரை எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், பிள்ளைகளின் மதிப்பீட்டு அட்டையில் இரண்டு வரி எழுத வேண்டிய ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நடுவில் இருக்கும் சொல் 'இயல்பு'. அதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: 'இயல்' என்ற வேரைப் பிடியுங்கள்

இயல்பு என்பது 'இயல்' என்ற வினையோடு 'பு' சேர்ந்து பிறந்த பெயர். மாண்பு, நட்பு போல. இயல் என்றால் முடிதல், கூடுதல், நடத்தல். 'என்னால் இயலும்', 'இயலாது' என்று இன்றும் சொல்கிறோம். ஆத்திசூடியின் மூன்றாவது வரி 'இயல்வது கரவேல்'. உன்னால் முடிந்ததைக் கொடுக்காமல் ஒளிக்காதே என்று பொருள். இயங்கு, இயக்கம், இயற்று எல்லாம் இதே குடும்பம். ஆக இயல்பு என்பதன் அடியில் இருப்பது, ஒரு பொருள் தானாக எப்படி நடக்கிறதோ அந்த நடை. வெளியிலிருந்து யாரும் தள்ளாதபோது அது எப்படி இருக்கிறதோ அதுவே அதன் இயல்பு. பிறப்பு என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள் நேரடியாக இல்லை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதனால்தான் பிறப்போடு சம்பந்தமே இல்லாத இடங்களிலும் இது சரளமாக வருகிறது. மழை வெள்ளத்தால் 'இயல்பு வாழ்க்கை' பாதிக்கப்படுகிறது. வெயில் 'இயல்பைவிட' மூன்று டிகிரி கூடுகிறது. அங்கே இயல்பு என்பது பல ஆண்டுச் சராசரி. நடிகரின் நடிப்பு 'இயல்பாக' இருந்தது என்றால் செயற்கைப் பூச்சு இல்லை என்று பொருள். இலக்கணத்தில் இரண்டு சொற்கள் சேரும்போது எழுத்து எதுவும் தோன்றாமல், திரியாமல், கெடாமல் அப்படியே நின்றால் அது இயல்பு புணர்ச்சி. மாறினால் விகாரப் புணர்ச்சி. புனைபெயரில் எழுதுபவருக்கு 'இயற்பெயர்' வேறு இருக்கும், அதுவும் பிறந்த பிறகு யாரோ வைத்ததுதான்!

பிறப்போடு வந்தது என்ற பொருளை இயல்புக்கு ஏற்றித் தருவது பெரும்பாலும் ஒரு சின்ன ஏகாரம். 'அவர் இயல்பாகப் பாடினார்' என்றால் அன்றைக்கு அலட்டிக்கொள்ளாமல் பாடினார். 'அவருக்கு இயல்பாகவே குரல்வளம் உண்டு' என்றால் பயிற்சிக்கு முன்பே இருந்தது. 'இயல்பிலேயே' என்றால் இன்னும் ஆழம். இந்த 'ஏ' விழுந்துவிட்டால் வாக்கியம் வேறு ஒன்றைச் சொல்லும். மொழிபெயர்ப்புகளில் இதை நிறையத் தவறவிடுகிறார்கள்.

படி 2: தொல்காப்பியர் தரும் சோதனையை வைத்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு நூற்பாக்கள்:

'இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்.'
'செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்.'

இயற்கையாக உள்ளதை 'இது இப்படி' என்று மட்டும் சொல். செய்து வந்ததை 'ஆனது' என்ற ஆக்கச்சொல்லோடு சொல். உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகளும் அழகானவை. 'நிலம் வலிது', 'நீர் தண்ணிது', 'தீ வெய்து' என்பன இயற்கை. யாரும் நிலத்தை வலிதாக்கவில்லை. ஆனால் எரு இட்டு, களை பிடுங்கி, நீர் பாய்ச்சியதால் பயிர் 'நல்லவாயின'. அங்கே 'ஆயின' வந்தே தீரும். உடனே அடுத்த நூற்பா 'ஆக்கந் தானே காரண முதற்றே' என்கிறது. ஆனது என்று சொன்னால் அதற்கு முன் ஒரு காரணம் நிற்க வேண்டும். வழக்கில் காரணம் சொல்லாமலும் ஆக்கச்சொல் வரும் என்று அதற்கடுத்த நூற்பா ஒப்புக்கொள்கிறது. பேச்சுவழக்கைக் காதுகொடுத்துக் கேட்ட ஒருவர் எழுதிய இலக்கணம் என்பது இந்த நான்கு நூற்பாக்களிலேயே தெரிந்துவிடும்.

இதை அப்படியே மனிதர்கள் மேல் வைத்துப் பார்க்கலாம். 'மூத்தவன் முரடன்' என்று எழுதப் போகிறீர்கள். ஒரு நிமிடம் நிறுத்தி, 'மூத்தவன் முரடன் ஆகிவிட்டான்' என்று சொல்லிப் பாருங்கள். அது பொருந்துகிறதா? பொருந்தினால், 'எதனால்?' என்று கேளுங்கள். 'அப்பா இறந்த பிறகு', 'பள்ளியில் அடிவாங்கி அடிவாங்கி' என்று ஒரு காரணம் தயாராக வந்து நின்றால், அந்த முரட்டுத்தனம் இயல்பு அன்று, ஆக்கம். அதற்கு இயல்பு, சுபாவம், பிறவிக்குணம் என்ற சொற்கள் எதுவும் பொருந்தா. 'முரட்டுத்தனம் வந்துவிட்டது', 'முரடனாக மாறிவிட்டான்' என்றுதான் எழுத வேண்டும். மாறாக, 'நெருப்பு சூடாகிவிட்டது' என்று யாரும் சொல்வதில்லை, காது ஏற்காது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்து கட்டையாகிறது. 'ஆகிறது' என்ற ஆக்கச்சொல் வருகிறது, காரணமும் இருக்கிறது, ஆனால் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. உடலோடு வந்த ஒன்று தன் நேரம் வரும்வரை காத்திருந்து வெளிப்படுகிறது. ஆகவே காரணம் கிடைத்த பிறகு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: அந்தக் காரணம் அவருக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயே இருக்கிறதா? வெளியே இருந்தால்தான் செயற்கை.

இங்கே செயற்கை என்பது போலி என்ற பொருளில் இல்லை. இன்று செயற்கை என்றால் பிளாஸ்டிக் பூ நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியருக்குச் செயற்கை என்றால் செய்யப்பட்டது, அவ்வளவே. உழைப்பால் நன்றாக வளர்ந்த பயிரும் செயற்கைதான். 'செயற்கை அறிந்தக் கடைத்தும் உலகத்து இயற்கை அறிந்து செயல்' என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் வைக்கும்போதும், நூல்வழி அறிந்த செயல்முறைகளைத்தான் செயற்கை என்கிறார்.

படி 3: பக்கத்துச் சொற்களைப் பிரித்து அறியுங்கள்

சுபாவம் வடமொழியின் 'ஸ்வபாவ' என்பதிலிருந்து வந்தது. 'ஸ்வ' என்றால் தன், 'பாவ' என்றால் இருப்பு, நிலை. அகராதியில் இயல்பும் சுபாவமும் ஒன்றுதான். வழக்கில் இல்லை. சுபாவம் பெரும்பாலும் மனிதர்களுக்கும், கொஞ்சம் வீட்டு விலங்குகளுக்கும்தான் வரும். 'கூச்ச சுபாவம்', 'சாது சுபாவம்' என்போம். 'தண்ணீரின் சுபாவம்' என்று இன்று எழுதினால் பழைய வாடை அடிக்கும். இன்னொன்று, சுபாவத்தில் ஒரு சலுகை இருக்கிறது. 'அவர் சுபாவம் அப்படி' என்று சொல்பவர் பெரும்பாலும் சண்டையை முடித்துவைக்கிறார், பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். மருமகளிடம் மாமியாரைப் பற்றிச் சொல்லப்படும் அந்த வாக்கியம் விளக்கம் போல இருக்கும். உண்மையில் அது ஒரு வேண்டுகோள்.

குணம் இன்னும் அகலமானது. அது பிறவி பற்றி எதுவும் சொல்வதில்லை. நல்ல குணம், கெட்ட குணம் என்று தரம் பிரிக்கத்தான் அது பயன்படுகிறது. 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்ற குறளில் குணம் குற்றத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. அங்கே குணம் என்றாலே நல்லது. மருந்துக்கும் குணம் உண்டு, சுக்குக்கு ஒரு குணம், கடுக்காய்க்கு ஒரு குணம். காய்ச்சல் 'குணமாகிவிட்டது' என்பதும் இதே சொல்தான். ஆக்கச்சொல் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்ளும் ஒன்றை மாறாத தன்மைக்குப் பெயராக வைக்க முடியாது. அதனால்தான் பிறவியைக் குறிக்க வேண்டும் என்றால் முன்னால் 'பிறவி' என்று தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 'குணக்கு', 'குணகடல்' என்று கிழக்குத் திசையைக் குறிக்கும் சொற்கள் வேறு வேரைச் சேர்ந்தவை, அவற்றை இதோடு சேர்க்காதீர்கள்.

தன்மை பொருள்களுக்கே அதிகம் பொருந்தும். மண்ணின் தன்மை, வழக்கின் தன்மை. மனிதருக்கு வரும்போது பேச்சில் பொருள் நகர்ந்துவிடுகிறது: 'தன்மையாகப் பேசினார்', 'தன்மையான மனிதர்' என்றால் பணிவும் மென்மையும் உள்ளவர்.

பண்பு என்ற சொல்லில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். பண்படுத்துதல், பண்பட்ட நிலம் என்ற சொற்களோடு சேர்த்துப் பார்த்தால் அதில் உழைப்பின் மணம் இருக்கிறது. கலித்தொகை 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்கிறது. பாடு என்றால் இங்கே பிறர் இயல்பு, உலக வழக்கு. அதை அறிந்து நடப்பது பண்பு. அறிவதும் நடப்பதும் கற்றுக்கொள்ள வேண்டியவை. ஆகவே அன்றாடத் தமிழில் பண்பு வளர்ப்பால் வருவது. ஆனால் உயிரியல் பாடப்புத்தகத்தைத் திறந்தால் தலைகீழ்! மரபியல் ஆய்வாளர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிச் செடி ஆய்வில் எடுத்துக்கொண்ட ஏழு கூறுகளையும் தமிழில் பண்புகள் என்றே எழுதுகிறோம். ஓங்கு பண்பு (வெளியே தெரிவது), ஒடுங்கு பண்பு (மறைந்து நிற்பது) எல்லாம் பெற்றோரிடமிருந்து பிறப்போடு வருபவை. நெட்டைச் செடிக்கு யாரும் நெடுமையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இலக்கணத்திலும் செம்மை, கருமை, சிறுமை எல்லாம் பண்புப்பெயர்தான். எனவே அறிவியல் எழுதும்போது 'மரபுப் பண்பு' என்று அடைமொழியோடு எழுதுவது நல்லது. பொதுக் கட்டுரையில் வெறும் 'பண்பு' என்றால் வாசகர் நாகரிகத்தைத்தான் நினைப்பார்.

பழக்கம் பற்றி ஒரே ஒரு குறிப்பு போதும். 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்ற பழமொழியைப் பிறவிக்குணத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது சொல்வது பழக்கத்தைப் பற்றி. தொட்டிலில் தொடங்கியது, அதாவது பிறந்த பிறகு தொடங்கியது. அதுபோலவே 'கைவந்த கலை' என்பதும். கைக்கு வந்த கலை என்றால் முன்பு கையில் இல்லாதது என்றுதானே அர்த்தம்?

படி 4: பிறவி, பரம்பரை, இயல்பூக்கம் மூன்றையும் கலக்காதீர்கள்

உடல்நலம் பற்றி எழுதுபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். குழப்பினால் ஒரு குடும்பம் தேவையில்லாத பழியைச் சுமக்கும்.

பிறவிக் குறைபாடு என்றால் பிறக்கும்போதே இருப்பது. பரம்பரை நோய் என்றால் மரபணு வழியாகப் பெற்றோரிடமிருந்து வருவது. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்க வேண்டும் என்பதில்லை. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் ஒன்றைக் கவனித்தார். கண்புரையோடு பிறந்த குழந்தைகள் பலருடைய தாய்மார்களுக்குக் கருவுற்ற தொடக்க மாதங்களில் ரூபெல்லா என்ற அம்மை வந்திருந்தது. அந்தக் கண்புரை பிறவியிலேயே வந்தது. ஆனால் பரம்பரை அன்று, ஒரு கிருமியால் வந்தது. எதிர்ப்பக்கத்தில் ஹன்டிங்டன் நோய் இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மரபணு வழியாக வரும். ஆனால் அறிகுறிகள் பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல்தான் தொடங்கும். அது பரம்பரை, ஆனால் பிறந்தபோது கண்ணுக்குத் தெரியாது. 'பிறவியிலேயே இப்படி என்றால் யார் வீட்டு வழி?' என்று தாயைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாராவது சொல்ல வேண்டும். எழுதுபவர் சரியான சொல்லைப் போட்டாலே பாதி சொன்ன மாதிரிதான்.

மூன்றாவது சொல் இயல்பூக்கம். கற்காமலே ஓர் உயிர் செய்யும் செயலுக்கு இதைப் பயன்படுத்துகிறோம். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் மணலைவிட்டு வெளியே வந்ததும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகர்கின்றன. தாய் அருகில் இல்லை. முட்டையிட்ட இரவே அது கடலுக்குத் திரும்பிவிட்டது. இயற்கையான கடற்கரையில் வெளிச்சம் கடல் பக்கம் இருக்கும். இன்று சாலை விளக்கு எதிர்ப்பக்கம் எரிவதால் குஞ்சுகள் தார்ச்சாலையை நோக்கிப் போகின்றன. தன்னார்வலர்கள் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இயல்பூக்கம் என்பது அறிவு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

குயிலும் அப்படித்தான். காக்கைக் கூட்டில் பொரித்து, காக்கை ஊட்டி வளர்ந்தாலும், பெரிதானதும் அது குயிலாகவே கூவுகிறது. ஆனால் தூக்கணாங்குருவியைப் பாருங்கள். கூடு பின்னும் உந்துதல் ஆண் குருவிக்குப் பிறப்போடு வருகிறது. இளம் குருவிகள் முதலில் கட்டும் கூடுகளோ தாறுமாறாக இருக்கும். பின்னிப் பின்னித்தான் கைதேர்கின்றன. உந்துதல் இயல்பு, நேர்த்தி பழக்கம். ஒரே கூட்டில் இரண்டும் இருக்கின்றன. மனிதத் திறமைகளைப் பற்றி எழுதும்போதும் இந்த இரண்டையும் இரண்டு வாக்கியங்களாகப் பிரித்து எழுதுங்கள். 'அவர் பிறவிக் கலைஞர்' என்ற ஒற்றை வாக்கியம் அவர் இருபது ஆண்டு எடுத்த பயிற்சியை அழித்துவிடுகிறது.

படி 5: பழைய வரிகளை இன்றைய பொருளில் படிக்காதீர்கள்

குறளில் இயல்பு என்ற சொல் வரும் இடமெல்லாம் 'பிறவியிலேயே வந்தது' என்று பொருள் கொண்டால் தவறாகிவிடும். 'அஞ்சாமை ஈகை அறிவூக்கம் இந்நான்கும் எஞ்சாமை வேந்தற்கு இயல்பு' என்ற குறளில் இயல்பு என்பது அரசனிடம் குறையாமல் இருக்க வேண்டிய தகுதி. அரசன் வீட்டில் பிறந்தாலே அது வந்துவிடும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. 'இயல்பினான் இல்வாழ்க்கை வாழ்பவன்' என்ற இடத்தில் அது அறநெறி, முறை.

பிறவியா சூழலா என்ற வழக்கே குறளுக்குள் நடக்கிறது. ஊழ் அதிகாரத்தில், 'நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை அறிவே மிகும்' என்கிறார். எவ்வளவு படித்தாலும் உள்ளே இருக்கும் அறிவுதான் மேலே வரும். சிற்றினம் சேராமை அதிகாரத்துக்கு வந்தால், 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு'. தண்ணீர் எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலத்தின் தன்மையைப் பெறும், மனிதர் அறிவு சேர்ந்த கூட்டத்தின் தன்மையைப் பெறும். அடுத்த குறள் இன்னும் கூர்மை: ஒருவருக்கு உணர்ச்சி மனத்தால் வருகிறது, 'இன்னான் எனப்படும் சொல்' இனத்தால் வருகிறது. இவன் இப்படிப்பட்டவன் என்று ஊர் ஒட்டும் பெயர்ச்சீட்டு, அவன் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்து ஒட்டப்படுகிறது. இந்த இரண்டு அதிகாரங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 'வள்ளுவரே சொல்லிவிட்டார்' என்று முடிப்பது நேர்மையில்லை.

'பிறவிக் குணம்' என்ற தொடருக்கு நமக்குள்ள மிக நல்ல சான்று ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல்:

'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்
வைத்ததொரு கல்வி மனப்பழக்கம் நித்தம்
நடையும் நடைப்பழக்கம் நட்பும் தயையும்
கொடையும் பிறவிக் குணம்.'

முதல் மூன்று வரிகளை மேடையில் எல்லோரும் சொல்வார்கள், கடைசியில் வேகமாக ஓடிவிடுவார்கள். நிதானமாகப் படித்தால், நாம் இன்று வைத்திருக்கும் வரிசையை இந்தப் பாட்டு கவிழ்த்துப்போடுகிறது. ஓவியம், மொழி, படிப்பு ஆகியவற்றை நாம் பிறவித் திறமை என்கிறோம். 'அவளுக்குக் கணக்கு ரத்தத்திலேயே இருக்கிறது' என்கிறோம். பாட்டு அவற்றையெல்லாம் பழக்கம் என்று ஒதுக்கிவிடுகிறது. நட்பு, இரக்கம், கொடை ஆகியவற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டியவை என்று நினைக்கிறோம். பாட்டு அவற்றைத்தான் பிறவிக்குணம் என்கிறது. கடைசிப் பகுதியை நான் முழுதாக ஒப்பமாட்டேன். கொடுத்துப் பழகிய வீட்டில் பிள்ளையும் கொடுக்கக் கற்கிறது. ஆனால் முதல் பகுதி ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்க வேண்டியது.

படி 6: இந்தச் சொல் காயப்படுத்தும் இடங்களை அறிந்துகொள்ளுங்கள்

மூதுரையில் ஒரு வெண்பா 'குலத்தளவே ஆகுமாம் குணம்' என்று முடிகிறது. அதே வெண்பாவில் 'தான்கற்ற நூலளவே ஆகுமாம் நுண்ணறிவு' என்ற அருமையான வரியும் உண்டு. அறிவுக்குப் படிப்பை அளவாக வைத்துவிட்டு, குணத்துக்குக் குலத்தை அளவாக வைக்கிறது. முதலில் சொன்னதை மகிழ்ந்து ஏற்கலாம். இரண்டாவதை ஏற்க முடியாது, பழைய நூல் என்பதற்காகத் தலையாட்டவும் தேவையில்லை. 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்றதும் பழைய நூல்தான்.

குணம் பிறப்பால் வருகிறது என்ற எண்ணம் சட்டமாகவே இருந்திருக்கிறது. ஆங்கிலேய அரசு 1871இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சில சமூகங்களில் பிறந்தவர்கள் எல்லோரும் பிறவியிலேயே குற்றவாளிகள் என்பது அதன் அடிப்படை. தமிழில் அதற்கு வழங்கிய பெயரே குற்றப்பரம்பரைச் சட்டம். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பதிவேட்டில் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும் என்ற கட்டுப்பாடுகள், ஒரு குற்றமும் செய்யாதவர் மேலும் விழுந்தன. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் மக்கள் கைரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்றபோது காவல்துறை சுட்டது. பலர் உயிரிழந்தார்கள், அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீங்கியது. பட்டியலிலிருந்து விடுபட்ட சமூகங்களை இன்று தமிழக அரசு 'சீர்மரபினர்' என்கிறது. பரம்பரை என்று குத்திய முத்திரையை அழிக்க, மரபு என்ற சொல்லையே சீர் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே 'அந்த ஊர்க்காரன் புத்தியே அப்படி', 'அவங்க இயல்பே அதுதான்' என்று ஒரு கூட்டத்தையே சுட்டும் வாக்கியம் உங்கள் கட்டுரையில் இருந்தால், அதை அடித்துவிடுங்கள். நகைச்சுவைக்காக எழுதினாலும் சரி, அடித்துவிடுங்கள்.

உடற்குறை பற்றி எழுதும்போது 'பிறவிக் குருடன்', 'பிறவி ஊமை' என்ற பழைய தொடர்கள் வேண்டாம். 'பிறவியிலேயே பார்வை இல்லாதவர்' என்று நேராகச் சொல்லலாம். அதே பத்தியில் மற்றப் பிள்ளைகளை 'இயல்பான குழந்தைகள்' என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் அந்தக் குழந்தை இயல்பற்றது என்று ஆகிவிடும். அதற்கும் அதற்குரிய இயல்பு இருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் என் விதி கறாரானது: பத்து வயதுக் குழந்தையைப் பற்றிப் பிறவிக்குணம் என்ற சொல்லை எழுதவே கூடாது. 'சோம்பேறி' என்பது கூட ஒரு தீர்ப்புதான். 'இந்தப் பருவத்தில் வீட்டுப்பாடத்தை முடிக்கவில்லை' என்பது தகவல். முதலாவதைப் படிக்கும் பெற்றோர் பிள்ளையைத் திட்டுவார்கள், அல்லது 'என்ன செய்வது, அவன் சுபாவம்' என்று கைவிடுவார்கள். இரண்டாவதைப் படிப்பவர் 'ஏன்?' என்று கேட்பார்.

படி 7: எழுத்தில் பிழை வராமல்

இது சுருக்கமாகவே முடியும். பிறவி என்ற சொல்லுக்குப் பின் வல்லினம் மிகும்: பிறவிக்குணம், பிறவிப்பயன், பிறவிக் கலைஞர். சேர்த்தும் பிரித்தும் எழுதலாம், ஒற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். இயல் என்பதோடு வல்லினம் சேரும் பல சொற்களில் 'ல்' 'ற்' ஆகிறது: இயற்கை, இயற்பெயர், இயற்பியல். 'இயல்ப்பு', 'இயள்பு' இரண்டும் பிழை. இயல்பு + ஊக்கம் சேர்ந்து இயல்பூக்கம் ஆகும். இயல்பாக, இயல்பான என்று வரும்போது இடையில் வேறு எழுத்து எதுவும் தேவையில்லை. 'இயல்பான சுபாவம்', 'பிறவி இயல்பு குணம்' என்று ஒரே பொருளை அடுக்காதீர்கள். குணாதிசயம் என்ற சொல் சிறுகதை விமர்சனங்களில் நிறைய வருகிறது. 'குணம்' போதுமான இடத்தில் அதை இழுத்துப் போட வேண்டாம்.

படி 8: வாக்கியங்களில் பழகிப் பாருங்கள்

'அவர் இயல்பிலேயே நேர்மையானவர்' என்று ஓர் அதிகாரியின் பணிநிறைவு விழா மலருக்கு எழுதப் போகிறீர்கள். பாராட்டுப் போலத் தெரியும். ஆனால் முப்பது ஆண்டு கைநீட்டாமல் இருந்தவருக்கு ஒவ்வொரு நாளும் அது ஒரு முடிவாக இருந்திருக்கும். 'கடைசிவரை நேர்மையாக இருந்தார்' என்று எழுதினால் அந்த உழைப்பு அவருக்கே சேரும்.

'குழந்தை பிறந்த உடனே பால் உறிஞ்சுவது பழக்கம்.' இங்கே இயல்பூக்கம் என்று வர வேண்டும், யாரும் பழக்கவில்லை.

'கிராமத்து மக்கள் இயல்பாகவே வெகுளிகள்.' இப்படி ஒரு கூட்டத்துக்கு இயல்பு ஒட்டுவதை ஆறாம் படியிலேயே விலக்கிவிட்டோம். நீங்கள் பார்த்த ஒருவரின் பெயரையோ செயலையோ எழுதுங்கள்.

'விபத்துக்குப் பிறகு அவர் சுபாவம் கோபமானது.' தொல்காப்பியர் சோதனை இங்கே பளிச்சென்று வேலை செய்கிறது. காரணம் இருக்கிறது, 'ஆனது' இருக்கிறது. ஆகவே சுபாவம் என்ற சொல் வெளியேற வேண்டும். 'விபத்துக்குப் பிறகு அவருக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது' என்றால் சரி.

'அவளுக்கு இசை கூடப்பிறந்தது.' பேச்சில் இனிமையான தொடர். கதையில், உரையாடலில் தாராளமாக வரட்டும். அவளைப் பற்றிய கட்டுரையில் என்றால், அதற்கு அடுத்த வாக்கியம் அவள் யாரிடம், எத்தனை மணிக்கு எழுந்து, என்ன பாடிப் பழகினாள் என்பதாக இருக்கட்டும்.